துக்க வீட்டுக்குப் போன வண்டி

“எனக்கு வேண்டாம்!”

முனியராஜ் தட்டைத் தள்ளிய வேகத்தில் இட்லி ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. சட்னிக் கிண்ணம் கவிழாமல் தப்பித்தது, அந்த மட்டுக்கும் நல்லது.

மாரித்தாய் குனிந்து இட்லியை எடுத்தாள். விடியும் முன்னே எழுந்து, அவனுக்குப் பிடிக்குமே என்று வெங்காயச் சட்னி அரைத்திருந்தாள். அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டைக்கும் அவள்தான் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டாள். இன்றைக்கு அவன் மதுரைக்குப் போகிற நாள் அல்லவா! திருத்தங்கலில் ஆரம்பித்து, சிவகாசி, சாத்தூர், விருதுநகர் என்று வளர்ந்த ‘மாரி வீட்டு சர்வீஸ்’, இன்றைக்கு மதுரையில் கிளை திறக்கக் கையெழுத்துப் போடப்போகிறது. பேருக்குத்தான் அது கம்பெனி. வீடு கழுவுவது, தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது, ஒட்டடை அடிப்பது, இதுதான் தொழில். அந்தத் தொழிலுக்கு அவள் பேரைத்தான் அவன் வைத்தான்.

“வெறும் வயித்தோட போகாதய்யா… ஒரு இட்லியாச்சும்…”

“யாரைக் கேட்டு வண்டிய அச்சங்கொளத்துக்கு அனுப்புனீக மதினி? அதை மட்டும் சொல்லுங்க!”

முனியராஜ் அவளுக்குக் கொழுந்தன். கணவர் சீனிச்சாமியின் தம்பி. ஆனால் கொழுந்தன் என்று யாராவது சொன்னால், யாரைச் சொல்கிறார்கள் என்று அவளே ஒரு நிமிடம் யோசிப்பாள். பத்து வயதில் தாயைப் பறிகொடுத்தவனைத் தலைக்கு எண்ணெய் வைத்து, பள்ளிக்கூடம் அனுப்பி, பாலிடெக்னிக் படிக்க வைத்து, வேல்விழியைப் பெண் பார்த்துக் கட்டி வைத்தவள் அவள். அவன் கோபப்பட்டுச் சாப்பிடாமல் போனால், அன்றைக்கு அவளுக்கும் சோறு இறங்காது.

“கேக்குறேன்ல… சொல்லுங்க!”

அடுப்படி வாசலில் வேல்விழி நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாரித்தாய் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றாள்.

விஷயம் இதுதான். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நாலு நாளைக்கு முன்னால் வெடி விபத்து. ஒரு பெண் அந்த இடத்திலேயே போய்விட்டாள். முந்தாநாள் காலையில் அவள் உடல் வீட்டை விட்டுப் போனதும், மாரித்தாயின் ஆட்கள் வண்டியில் போய் அந்த வீட்டைக் கழுவிவிட்டு வந்தார்கள். கூலி கிடையாது. அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பது கிடையாது. இது தொழில் தொடங்கிய நாளிலிருந்து மாரித்தாய் வைத்திருக்கும் வழக்கம். துக்க வீட்டுக்குப் போன வண்டி நேராக வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வண்டியைக் கழுவி, ஆட்கள் தலைக்குக் குளித்து, மறுநாள்தான் அடுத்த வேலை.

ஆனால் அன்றைக்கு மத்தியானமே அந்த வண்டி விருதுநகரில் கற்பகவல்லி அம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றது. கல்யாண வீடு! பந்தக்கால் நட்டு, மாவிலை கட்டியிருந்த வீடு! சமையலுக்கு வந்திருந்த ஆள் சாத்தூர்ப் பக்கம், அச்சங்குளம் வழியாக வந்தவன். “இந்த வண்டியக் காலையில எழவு வீட்டு வாசல்ல பார்த்தேனே” என்று அவன் ஒரு வார்த்தை விட்டான் பாருங்கள்… போயிற்று! கற்பகவல்லி அம்மாள் சாணித் தண்ணீர் தெளித்து, வந்த ஆட்களை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாளின் உடன்பிறந்த தம்பி காசிராஜன்தான் மதுரையில் கடைக்கு இடம் கொடுத்துக் கூட்டுச் சேருகிறவர்.

“காசிராஜன் சார் நேத்து ராத்திரி போன்ல என்ன கேட்டாரு தெரியுமா? ‘ஏம்ப்பா, பொணம் போன வீட்டையும் கல்யாண வீட்டையும் ஒரே தொடப்பத்துலதான் கூட்டுவீகளா’ன்னு கேக்குறாரு! கூசிப் போனேன் மதினி!”

“தப்புதான்யா… நான்தான் அந்தம்மாகிட்ட நேர்ல போயிச் சொல்லிட்டேனே. தம்பிக்குத் தெரியாது, எல்லாம் என் தப்புன்னு…”

“சொன்னாப் போதுமா? இன்னையோட இந்த எழவு வீட்டு வேலை நின்னுரணும்! மதுரையில பெரிய பெரிய வீட்டுக்காரங்க. அங்கன வந்து இதெல்லாம் பண்ண முடியாது. நீங்க இனிமே கம்பெனி பக்கம் வராதீக. வீட்டுல நிம்மதியா இருங்க.”

மாரித்தாய் அப்படியே நின்றாள். கம்பெனி பக்கம் வராதே என்கிறான். அவள் கையைப் பிடித்துத் தெருவில் நடந்தவன் சொல்கிறான்!

“மதுரை வேண்டாம்னு நான் எப்பய்யா சொன்னேன்? பத்து ஊர்ல தொற. கண்ணாரப் பார்த்துட்டுச் சாகுறேன். ஆனா இதை மட்டும் நிப்பாட்டச் சொல்லாத. அதே வெடியில அடிபட்டு ஆஸ்பத்திரில கெடந்த அய்யம்மாளும் நேத்துப் போயிட்டாளாம். இன்னைக்கு அதே அச்சங்கொளத்துக்குத்தான் கொண்டாராக. நான் வாரேன்னு சொல்லியிருக்கேன்.”

“அங்கனயும் போகணும்னு நிக்கிறீக! நான் ராப்பகலா ஓடி வளர்த்ததைக் கெடுத்துட்டுத்தான் மறுவேலை பாப்பீகளா? உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்… நாளைக்குன்னு சேர்க்கிறதுன்னா என்னன்னு!”

சொல்லிவிட்டான்.

வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டாள். மாரித்தாயின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முந்தானையால் கையைத் துடைத்தாள். ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த சீனிச்சாமி எழுந்தார். அவர் பேசியே அந்த வீடு அதிகம் கேட்டதில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட எழுந்து போய்ப் போட்டுக்கொள்வாரே தவிரச் சொல்லமாட்டார்.

“என்னலே சொன்ன?”

“அண்ணே, நீங்க இதுல…”

“இருந்துச்சுலே! அவளுக்கும் ஒண்ணு இருந்துச்சு!”

“ஏங்க… வேண்டாங்க! என் மேல ஆணை…” மாரித்தாய் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

“விடுத்தா! இம்புட்டு வருசம் உன் ஆணைக்குக் கட்டுப்பட்டது போதும்.” அவர் அவள் கையை விலக்கினார். “அம்மா வெடியில போன அன்னைக்கு நம்ம தெருவுல மட்டும் ஆறு எழவு. யாரு வீட்டுக்கு யாருலே வருவா? நீதான் கடைசிப் பிள்ளைன்னு கொள்ளிச்சட்டியத் தூக்கிக்கிட்டு முன்னால போன. நானும் உன்கூட வந்துட்டேன். வீட்டக் கழுவ ஒரு நாதி இல்ல. இவ அஞ்சு மாசம்! குழாயில தண்ணி இல்ல. ஊருணிக் கெணத்துலருந்து கொடங் கொடமாச் செமந்து கழுவுனா. எதுக்கு? தாயப் பறிகொடுத்த பிள்ளை சுடுகாட்டுலருந்து வரையில, அந்த வீட்டுல அப்படியே கால் வைக்கக் கூடாதுன்னு! மறுநாளே கலைஞ்சு போச்சுலே… அதுக்கப்புறம் தங்கவே இல்ல. அந்தப் பயலுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போவான், சொல்லாதீகன்னு என் கையில சத்தியம் வாங்குனா. பிள்ளை இருந்திருந்தாத் தெரியுமாம்ல… பேச வந்துட்டான்!”

முனியராஜின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

வேல்விழியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “இதையும் கேட்டுக்கோங்க” என்றாள் அழுதுகொண்டே. “அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல. வண்டிய வீட்டுக்குக் கொண்டாரச் சொல்லித்தான் அனுப்புனாக. போன் மேப்புல வண்டி சும்மா நிக்கிறதப் பார்த்துட்டுக் கல்யாண வீட்டுக்குத் திருப்பி விட்டது நீங்க! டிரைவர் மொக்கைச்சாமி ‘அண்ணே, இந்த வண்டி’ன்னு சொல்ல வந்தான். ‘பேசாமப் போலே’ன்னு நீங்கதான் போன வச்சீக. நான் பக்கத்துலதான இருந்தேன்? சொல்லப் போனேன். ‘அவன் கூட்டாளி முன்னால தலைகுனியக் கூடாதுத்தா, பழி என்கூடவே இருக்கட்டும்’னு அக்காதான் என் வாயக் கட்டிட்டாக!”

நியாயம் வெளியே வந்துவிட்டது. மாரித்தாய்க்குச் சந்தோஷம் வந்ததா? இல்லை. இத்தனை வருடம் முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்ததை நடுக்கூடத்தில் கொட்டிவிட்டார்களே என்று பதறியது. பையன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

மூலையில் இருந்த வாளியையும் தேங்காய் நார்த் தேய்ப்பானையும் எடுத்தாள்.

“மதுரைக்கு நேரமாச்சு. வெளிய எங்கனயாச்சும் சாப்பிட்டுப் போய்யா” என்றாள். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். வண்டியைத் தொடவில்லை. பஸ் ஸ்டாப் வரை நடந்தே போனாள்.

சாத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். இதே வாளிதான் என்று இல்லை, ஆனால் இப்படி ஒரு வாளியோடுதான் எல்லாம் ஆரம்பித்தது. அந்த வருடம் சீசன் படுத்துவிட்டது. எம். புதுப்பட்டியில் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். கூட வேலை பார்த்த பொன்மணியும் அவளும் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “பொங்கல் வருது, யார் வீட்டுலயாச்சும் ஒட்டடை அடிப்பமாடி” என்று சிரித்துக்கொண்டுதான் கிளம்பினார்கள். முதல் வீட்டில் மேல்தொட்டிக்குள் இறங்கிய பொன்மணி ஏறத் தெரியாமல் உள்ளேயே நின்று, “ஏத்தா மாரி, என்னைய இங்கனயே வச்சு மூடிட்டுப் போயிராத!” என்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. அச்சாபீசில் வேலை பார்த்த முனியராஜ் சாயங்காலம் டிவிஎஸ் வண்டியில் வந்து ரெண்டு பேரையும் வாளியோடு ஏற்றிக்கொண்டு போவான். முன்னால் வாளி, பின்னால் இவர்கள் இருவர், நடுவில் அவன். போலீஸ் பார்த்தால் என்ன ஆகியிருக்கும்! வழியில் நின்று சேவும் டீயும் வாங்கித் தருவான். “மதினி, ஒரு நாள் இல்ல ஒரு நாள் நாம வேன் வாங்குவோம்” என்பான். பொன்மணி சிரிப்பாள். “முதல்ல வண்டிக்கு ஹாரன் வாங்குலே!”

அடடா, அது என்ன காலம்! ஒன்றுமே இல்லாத காலத்தில்தான் அவன் அவளிடம் அத்தனையும் பேசினான்.

பட்டாசுக் கம்பெனிப் பழக்கம் அவள் கையை விட்டுப் போகவில்லை. உள்ளே போகும்போது, உரசிப் பொறி பறக்கக் கூடாதென்று, வளையல், மெட்டி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வைப்பார்களே, அதையே வீட்டு வேலைக்கும் கொண்டுவந்தாள். அடுத்தவர் வீட்டுக்குள் நம் நகை போனால்தானே நம்முடையதா அவர்களுடையதா என்று பேச்சு வரும்? வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் படியேற வேண்டும், பசியோடு ஒருத்தர் அடுப்படியில் நிற்கக் கூடாது. ஒரு வீட்டுப் பேச்சை அடுத்த வீட்டில் விட்டால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம். இதில் ஒன்றும் பெரிய ஞானம் இல்லை, ஆனால் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. பீரோ சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியூர் போகிற அளவுக்கு நம்பினார்கள். துக்க வீட்டுக்கு அவள் போவதைப் பார்த்தவர்கள், “எழவுக்குக் காசு வாங்காதவ, நம்ம வீட்டுல எதைத் தொடப் போறா” என்றார்கள். அப்படி வாய் வழியாகப் பரவித்தானே வேன் வந்தது? இதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லிக் காட்டுகிற மாதிரி ஆகிவிடாதா?

அச்சங்குளத்தில் பொன்மணி முன்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

“வண்டி எங்கத்தா?”

“வரல.”

பொன்மணி அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டாள்.

அய்யம்மாளின் உடலை முழுக்கத் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். முகம் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் மகள் நாகஜோதி, பள்ளிக்கூடத்துச் சீருடையிலேயே, துணிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தூக்கும்போது எழுந்த அழுகையில் தெருவே ஆடியது. நம்ம வழக்கத்தில் பொம்பளைப் பிள்ளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்று யாரோ சொன்னார்கள். “எங்க அம்மாவுக்கு நான்தான் ஒத்தப் பிள்ளை” என்று அந்தப் பெண் சொன்னாள். அதற்கு மேல் யாரும் தடுக்கவில்லை. தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு பாடைக்குப் பின்னாலேயே போனாள்.

வீடு காலியானது. மாரித்தாய் சேலையை இழுத்துச் செருகினாள். மாலையிலிருந்து உதிர்ந்த பூ, நெல், ஊதுபத்திச் சாம்பல், மிதிபட்ட சேறு… எல்லாவற்றையும் கூட்டி அள்ளினார்கள். தெருக் கடைசியில் இருந்த தொட்டியில்தான் தண்ணீர். ரெண்டு நடை நடந்ததும் மூச்சு வாங்கியது. வண்டி இருந்தால் டிரம்மும் குழாயும் இருந்திருக்கும்.

மூன்றாவது நடைக்கு வாளியைத் தூக்கக் குனிந்தவள் கையிலிருந்து யாரோ அதை வாங்கினார்கள்.

முனியராஜ்! கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட பேண்ட், செருப்பில்லாத கால்.

“நீ… மதுரைக்கு…”

ஒரு கையில் வாளி, ஒரு கையில் குடம் என்று தூக்கிக்கொண்டு நடந்தான். தண்ணீர் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்தது. அவன் ஊற்ற ஊற்ற அவள் தேய்த்தாள். பொன்மணி அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டாள். வாசல் வரைக்கும் கழுவி, நடுவீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு வெளியே வந்து, எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றார்கள்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். நாகஜோதி காலைக் கழுவிக்கொண்டு வாசல் ஏறினாள். ஈரத் தரையில் கால் வைத்தாள். விளக்கைப் பார்த்தாள். நேரே போய் அதன் எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். யார் கழுவியது என்று கேட்கவில்லை. கேட்க அவளுக்கு எப்படித் தோன்றும்?

முனியராஜின் தோள் குலுங்கியது.

“மதினி… நானும் இப்படித்தான உள்ள போனேன்! தரை குளுகுளுன்னு இருந்துச்சு மதினி… எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கு. நீங்க சோறு பிசைஞ்சு ஊட்டுனீக. உங்க சேலையெல்லாம் ஈரமா இருந்துச்சு. ஏன்னு நான் கேக்கவே இல்லயே…! ஒரு தடவகூடக் கேக்கலயே…!”

“பத்து வயசுப் பிள்ளைக்கு என்னய்யா தெரியும்…”

“இப்ப முப்பத்துமூணு ஆச்சே! இந்த நாக்கு அப்படி ஒரு வார்த்தையச் சொல்லிருச்சே…! என்னைய அடிங்க… நாலு அறை அறைங்க…” தெருவென்றும் பாராமல் அவள் காலைத் தொடக் குனிந்தான். அவள் அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“கற்பகவல்லி அம்மாவுக்கு வார வழியிலயே போன் போட்டுட்டேன்” என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “வண்டிய அனுப்புனது நான், மதினி இல்லன்னு சொன்னேன். ‘அடப் பாவி, அந்தப் பொம்பளை என் முன்னால நின்னு அம்புட்டு ஏச்சும் வாங்குனாளே, ஒரு வார்த்தை சொல்லலயே’ன்னு என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாக. கல்யாணம் முடிஞ்சு வீடு கழுவ நீங்கதான் வரணுமாம். வேற யாரு வந்தாலும் கேட்டைத் தொறக்க மாட்டாகளாம்.”

“காசிராஜன் சாரு?”

“துக்கத்துக்குன்னு தனியா ஒரு வண்டி மதுரையிலயும் ஓடும், அதுக்குச் சம்மதம்னா கையெழுத்து, இல்லன்னா வேண்டாம்னு சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு. யோசிக்கட்டும். மதுரை எங்கயும் ஓடிப் போயிராது.”

பொன்மணி வாளிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். விவரம் தெரிந்தவள், திரும்பிப் பார்க்கவில்லை.

“அம்மா…” என்றான் முனியராஜ்.

மாரித்தாய் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். “அது உன்னப் பெத்தவுக பேருய்யா… அவுகளுக்கே இருக்கட்டும். எனக்கு மதினியே போதும். நீ அப்படிக் கூப்பிட்டுத்தான நான் இம்புட்டு நாளும் இருந்தேன்?”

“பையனா… பொண்ணா மதினி?” அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “அது… என்ன பிள்ளை?”

அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. சீனிச்சாமிகூடக் கேட்டதில்லை. வீட்டில் தாயில்லாத பிள்ளை ஒன்று அழுதுகொண்டிருக்கும்போது, பிறக்காத பிள்ளைக்கு எங்கே உட்கார்ந்து அழுவது? அன்றைக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு சோறு பிசையப் போனவள்தான்.

“பொம்பளப் பிள்ளைய்யா…” என்றாள். “முடி இருந்துச்சுன்னு மருத்துவச்சி சொன்னா…”

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. முனியராஜ் அவளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டான். அந்த ஈரச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு, தன் மகளுக்காக மாரித்தாய் வாய்விட்டு அழுதாள்.